சேர வேண்டிய சேதி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! வேலையை விட்டுவிட்டு வந்து இந்தச் சங்கக் கூடத்தை நிறைத்திருக்கும் தாராவித் தமிழ்ச் சொந்தங்களே! வானமாமலையின் வணக்கம்.

நல்லாசான் மரியஅந்தோணி அவர்களோடு இந்தக் கூடத்தில்தான் இருபது வருஷம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. செவ்வாய்க்கிழமை போன் வந்ததிலிருந்து உடம்பெல்லாம் மரத்துக் கிடக்கிறது. மாலை போட்டேன், மண் அள்ளிப் போட்டேன், டீ கொடுத்தார்கள், குடித்தேன். யாரோ செய்வதை நான் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. செம்பூர் ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேஷன் முடிந்து கிடக்கும் மனைவியைப் பார்க்கக் கிளம்பிய மனிதர், சுனாபட்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவாறே போய்விட்டார்! இது நியாயமா?

அவரைப் பேச்சாளர் என்றார்கள், கொடையாளர் என்றார்கள். எல்லாம் சரி. நான் ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன்.

அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாரே, தோல் பட்டறை சொரிமுத்து, அவருடைய அப்பா ஊரில் தவறிப்போனார். நாம் என்ன செய்வோம்? வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தோம். “அப்பாவுக்கு சீரியஸ், உடனே கெளம்பு” என்று தாதரில் ரயிலேற்றினோம். பாவம், அந்த அவசரத்திலும் அப்பாவுக்கு ஆப்பிள் வாங்கி வைத்திருந்தார். மரியஅந்தோணி அதைப் பார்த்தார். அதே பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். “சார், எறங்குங்க, கிளாஸ் இருக்கு” என்று கத்துகிறேன், காதிலேயே வாங்கவில்லை. வண்டி கிளம்பியதும் சொரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா போயிட்டாருடே” என்று சொல்லியிருக்கிறார். கல்யாண் ஸ்டேஷனில் இறங்கும்வரை பிடித்த கையை விடவில்லை.

மறுநாள், ஏன் சொன்னீர்கள் என்று இங்கிருக்கும் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். நானும்தான் திட்டினேன். அவரோ, போர்டில் ‘வித்ஹோல்ட்’ என்று எழுதிப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். நம்ம மகேஷ்குமார் எழுந்து, “ஐ வித்ஹோல்ட் சிகரெட், சார்” என்றான். ஒரே சிரிப்பு!

“அது ரிஃப்ரெய்ன்லே. நீ ஒரு காரியத்தைச் செய்யாம உன்ன அடக்கிக்கிட்டா, அது ரிஃப்ரெய்ன். அடுத்தவனுக்குச் சேர வேண்டியதக் கையில வச்சிக்கிட்டுக் குடுக்காம இருந்தா, அதுதான் வித்ஹோல்ட். சம்பளம், பரீட்சை ரிசல்ட், சேதி.”

“சேதியுமா சார்?”

“சேதிதாம்லே மொதல்ல.”

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அன்பர்களே, புதன்கிழமை அடக்கம் செய்துவிட்டோம். இன்று சனிக்கிழமை. அவருடைய மனைவி செல்வமேரிக்கு இன்னும் தெரியாது! சாருக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறோம். முதல் இரண்டு நாள் டாக்டரம்மாவே வேண்டாம் என்றார், ஒத்துக்கொள்கிறேன். நேற்று அவரே, “இனிமேல் சொல்லலாம், நாங்கள் பக்கத்தில் இருப்போம்” என்றார். நாம்தான் கூடிப் பேசி, வீட்டுக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று முடிவு கட்டினோம். யாருக்காகப் பயப்படுகிறோம்? அந்த அம்மாளுக்காகவா, அவர் முகத்தைப் பார்க்க முடியாத நமக்காகவா?

இன்று காலை நான் போயிருந்தபோது, “அண்ணே, எல்லாரும் வாறிய. அவுக மட்டும் ஒரு போனாவது போடப்படாதா? எம்மேல எதுவும் கோவமா?” என்று கேட்டார். புருஷன் தன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கிடக்கிறார், ஐயா! முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவரைப் பற்றி அப்படி நினைக்க வைத்துவிட்டோமே. அடக் கடவுளே!

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் உறுதி சொன்னார்கள். வகுப்பு திங்கட்கிழமை நடக்கும், அது என் பொறுப்பு. ஆனால் அவர் பணி வகுப்பு மட்டும்தானா? இந்தக் கூட்டம் கலைந்ததும் நான் செம்பூருக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். அவர் மகள் கிளாரா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா கிளாரா, உன் சம்மதம் இல்லாமல் போகமாட்டேன். என்னம்மா சொல்கிறாய்?

...

மைக்கை அவளிடம் கொடுங்கள். வேண்டாமா? சரி, சொல்லம்மா.

...

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. “நானே சொல்லுதேன் மாமா, நீங்க பக்கத்துல நில்லுங்க” என்கிறாள்.

நிற்கிறேன் தாயி. தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும், கூட்டத்தை நீங்கள் முடித்துவையுங்கள். நாங்கள் இப்போதே கிளம்புகிறோம்.