இடது பின்சக்கரத்துக்கு மேலே மூணு அடுக்கு

— இன்னும் ஒரு ரப்பர் ஷீட் ஒட்டு மச்சான். இடது பின்சக்கரத்துக்கு மேல சத்தம் உள்ள வரவே கூடாது.

— ஏற்கனவே ரெண்டு அடுக்கு ஒட்டியாச்சு மாப்பிள்ளை. மூணாவதும் ஒட்டினா சீட்டு அதுமேல உக்காராது. ஸ்டூல் போட்டுத்தான் நீங்க உக்காரணும்.

— அடிப்படை என்னன்னா, தடிமன் கூடினா சத்தம் குறையும். படிச்சவனுக்குத் தெரியும். நீ ரோலரை அழுத்தித் தேய், போதும்.

— தேய்க்கறேன். இருபது வருஷமா வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கறவன், நாலு வீடியோ பாத்தவர் சொல்லித் தேய்க்கறேன். ஆனா ஒண்ணு, இது ரோட்டுச் சத்தமே இல்ல.

— ஆரம்பிச்சுட்டியா?

— ரோட்டுச் சத்தம்னா கரடுமுரடுல கூடும், வழவழப்புல குறையும். இது புதுசாப் போட்ட தார் ரோட்டுலயும் ஊஊங்குது. வலது பக்கம் திருப்பினா இன்னும் உறுமுது. பேரிங் போச்சு மாப்பிள்ளை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பாத்தேன், விழப்போற பல்லு மாதிரி ஆடுது.

— ஓ, பல்டாக்டரும் நீதானா? எந்த வண்டி வந்தாலும் 'பேரிங் போச்சு'ன்னு ஒரு வரி. மெக்கானிக் தொழில்ல இதுக்கு மேல என்ன படிப்பு வேணும்!

— தங்கச்சி புருஷனாச்சேன்னு சொல்றேன். வேகமாப் போகும்போது அது இறுகிடுச்சுன்னா சக்கரம் ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க. அரை நாள் குடுங்க, மாத்திடறேன்.

— அரை நாளெல்லாம் கெடையாது. நாளைக்குக் காலையில வண்டி வேணும். சத்தம் கேக்கக் கூடாது. உன்கிட்ட நான் கேட்டது அவ்வளவுதான்.

— காதுல பஞ்சு வெச்சுக்குங்களேன். அஞ்சு நிமிஷ வேலை.

— இந்தத் திமிருதான் உன்னை இந்தக் கிரீஸைத் தாண்ட விடல. ஆபீஸ்ல எனக்குக் கீழ முப்பது பேரு. ஒருத்தன் எதிர்த்துப் பேசினதில்ல.

— பாவம், அவங்க வாய்க்கும் மூணு அடுக்கு ஒட்டி வெச்சிருக்கீங்க போல.

— பேசாம ஒட்டுடா.

— ஒட்டறேன் சாமி, ஒட்டறேன். உங்க வண்டி, உங்க உயிரு. என் தங்கச்சியை மட்டும் இதுல ஏத்தாதீங்க.

— ஏத்தல. நாளையில இருந்து அவ இதுல ஏறவே மாட்டா. போதுமா?

— அடேயப்பா! கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல நீங்க எனக்குக் குடுத்த முதல் வாக்கு. இந்தாங்க, ஒட்டியாச்சு. தட்டிப் பாருங்க. முன்னாடி டங்குன்னுச்சு, இப்ப டொப்புங்குது.

— சாவியைக் குடு. மெயின் ரோடு வரைக்கும் ஒரு சுத்து. நீயும் ஏறு.

— ஏறித் தொலைக்கறேன். மெதுவாப் போங்க.

— எண்பதுல போறேன். எங்க போச்சு உன் உறுமல்?

— எங்கயும் போகல. அடியில உறுமிட்டுத்தான் இருக்கு, நமக்குக் கேக்கல.

— கேக்கலேல்ல? பாத்தியா, அடிப்படை என்னன்னா—

— நோயாளி வாயைப் பொத்திட்டுக் குணமாயிடுச்சுன்னு சொல்ற வைத்தியம். எனக்கென்ன வந்துது? கெடந்து சாகுங்க. நிறுத்துங்க, ஷெட்டு வந்தாச்சு. தங்கச்சி வேற வாசல்ல நிக்கறா.

— அண்ணே, முடிஞ்சுதா?

— முடிஞ்சுதும்மா. உன் வீட்டுக்காரர் ஜெயிச்சுட்டாரு. ஒரு சத்தம் கெடையாது.

— நீ எதுக்கு இங்க வந்தே? வா, வீட்டுக்குப் போலாம். ஏறு.

— இருங்க, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன். அண்ணே, அப்பா நாளைக்குக் காலையிலயே வந்து வண்டியை எடுத்துக்கறாராம். வாங்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டுங்கப்பான்னேன், 'என் மகன் கை வெச்ச வண்டியை இன்னொருத்தன் எதுக்குப் பாக்கணும்'னுட்டாரு.