சம்பள நாள் தராசு

ரசஞ்சோற்றைக் கரண்டியால் மசித்தால் பிள்ளைகள் துப்பிவிடும், மேடம். கையால்தான் பிசைய வேண்டும். விரல் பட்டுக் குழைந்தால்தான் அது சோறு, இல்லாவிட்டால் போஸ்டர் ஒட்டுகிற பசை. இதை எந்த டாக்டரும் சொல்லித் தருவதில்லை. அவர்களைக் குறை சொல்லக் கூடாது. பாவம், படித்தவர்கள்.

என்னைச் சாட்சியாகத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பாண்டிச்செல்வி தன் குழந்தைக்கு என்னத்தைக் கொடுத்தாள் என்று கேட்கிறீர்கள். மாமியார்க்காரி திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்து அவள்மேல் புகார் கொடுத்திருக்கிறாள். பாண்டிச்செல்வியும் ‘நான்தான் கொன்னுட்டேன்’ என்று உங்கள் முன்னால் அழுதிருக்கிறாள். அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். வயிறு நிரம்பக் கொடுக்கிற தாராளம் அந்தப் பெண்ணிடம் ஒரு நாளும் இருந்ததில்லை.

என் பெயர் ஞானம்மா. இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்ததும் எங்கள் தெருவில் மாட்டுக்கொட்டகைகூட வாடகை அறை ஆனது. நானும் வரிசையாக அறைகள் கட்டிவிட்டேன். தெற்கேயிருந்து பையன்களும் பெண்களும் வந்தார்கள், கல்யாணம் கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். புருஷன் ஒரு ஷிப்ட், பெண்டாட்டி ஒரு ஷிப்ட். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். அப்படித்தான் நான் பிள்ளை பார்க்க ஆரம்பித்தேன்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பளம் வந்த சாயங்காலம் தெருவே எதிர்க்கடைக்கு அரிசி வாங்க வரும். கடைக்காரர் சுப்பராயன் மூட்டை நிறுக்கத் தரையோடு தட்டு உள்ள ஒரு பெரிய தராசு வைத்திருக்கிறார். அதன் தட்டில் என் வீட்டுப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக உட்காரவைத்துக் காட்டுவேன். முள் நகரும், பெற்றவள் முகம் மலரும். ‘ஞானம்மா கையில வுட்டா புள்ள மூட்ட மாரி ஆயிடும்பா’ என்று சுப்பராயன் சத்தமாகச் சொல்லுவார். அடுத்த வாரம் புதிதாக ஒரு பிள்ளை என் வாசலுக்கு வரும். கம்பெனியில் அவர்களுக்கு டார்கெட் இருக்கிறதே, அந்த மாதிரி எனக்கு இது.

அப்படித்தான் பாண்டிச்செல்வியின் பிள்ளை சுகப்பிரியாவும் வந்தது. நடக்கப் பழகிவிட்ட பிள்ளை, ஆனால் கையில் எடுத்தால் துண்டு மாதிரி இருக்கும். பிறந்த கையோடு குடல் முறுக்கிக்கொண்டதாம். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிற குடலில் எதுவும் தங்காது. மூக்கில் மெல்லிசாக ஒரு குழாய், ராத்திரியெல்லாம் அதில் ஏதோ தனிப் பால்மாவு சொட்டுச் சொட்டாக இறங்கும். பகலில் கோழியை வேகவைத்து அரைத்து, கஞ்சியும் தேங்காய் எண்ணெயும் கலந்து, பொம்மைக்குப் போடுவது போல ஒரு சின்னக் கிண்ணம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கிண்ணம். சர்க்கரை கூடாது, ஜூஸ் கூடாது, பால் கூடாது.

பாண்டிச்செல்வி முதல் நாளே சொன்னாள். ‘எக்கா, டாக்டரம்மா சொன்னதத் தவிர ஒரு பருக்க குடுத்துராதீங்க. இனிப்பு உள்ள போச்சுன்னா ஒடம்புத் தண்ணி பூராம் வயித்தால போயிரும். அப்பிடிப் போச்சுன்னா இந்தா, பாக்கெட் கரைச்ச உப்புத் தண்ணி வச்சிருக்கேன். விடாமக் குடுத்துட்டு ஒடனே கம்பெனிக்குப் போன் போடுங்க.’

‘இன்னாடி, புள்ளைக்குச் சோறு போடறியா, இன்ஜினுக்கு ஆயில் வுடறியா?’

‘சிரிக்காதீங்கக்கா. நெசமாத்தான் சொல்லுதேன்.’

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, மேடம்.

ஒரு தடவை துணைக்கு ஆஸ்பத்திரிக்கும் போனேன். அங்கே சாப்பாட்டுக்கென்றே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பிளாஸ்டிக் கரண்டியைத் தூக்கிக் காட்டி, ‘அளவுதாம்மா இதுல மருந்து’ என்றாள். அவள் கழுத்தெலும்பில் துணி காயப்போடலாம். ஊருக்கெல்லாம் சாப்பாடு சொல்லிவிட்டு வீட்டில் மறந்துவிடுவாள் போலிருக்கிறது. ‘குழந்தைக்கு எடை நல்லா ஏறுது, இப்படியே போனா போகப் போக அந்தக் குடலே பழகிக்கும்’ என்று டாக்டரம்மாவும் ஒரு தாளில் ஏதோ கோட்டைக் காட்டினாள். பாண்டிச்செல்வி அந்தக் கோட்டை வேப்பிலைக்காரி படம் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். கோடு ஏறியிருக்கலாம். சுப்பராயன் கடை முள்ளுக்கு அந்தக் கோடு தெரியாதே.

அடுத்த தெருவில் சந்திரம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். அவளும் பிள்ளை பார்க்கிறவள்தான். அந்த மாதம் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

‘இன்னா ஞானம்மா, தராசு ரிப்பேரா? முள்ளு நவுரவே மாட்டேங்குது.’

‘அது ஆஸ்பத்திரி கேஸுடி.’

‘யாரு கேட்டா? உன் வூட்டு வாசல்லேந்துதான எறங்கி வருது. காத்தடிச்சா செம்பரம்பாக்கம் ஏரில போயித்தான் பொறுக்கிக்கினு வரணும்.’

கடையே சிரித்தது. அந்த வாரமே ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் சந்திரம்மாள் வீட்டில் விட்டாள். காரணம் கேட்டேன். ‘பஸ் நிக்கிற எடத்துக்கு அது கிட்டம்க்கா’ என்றாள். பஸ் என் வாசலில்தான் நிற்கிறது.

மறுநாள் ஒரு டின் பால் வாங்கினேன். கெட்டியாக, இனிப்பாக இருக்குமே, அது. விரல் நுனியில் தொட்டு சுகப்பிரியா நாக்கில் வைத்தேன். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை என்னிடம் எதையும் கேட்காத பிள்ளை, என் விரலைப் பிடித்துக்கொண்டு ‘இன்னும்’ என்றது. எந்த ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கு அது ‘இன்னும்’ சொல்லியிருக்கிறது?

தினமும் கொடுத்தேன். தினமும் வயிற்றால் போயிற்று. நான் முகம் சுளிக்காமல் கழுவினேன். யாரும் அதைப் பெரிதாகச் சொல்லப்போவதில்லை.

‘இன்னைக்கு எப்பிடிக்கா போனா?’ என்று சாயங்காலம் பாண்டிச்செல்வி கேட்பாள்.

‘எப்பவும் போலத்தான்டி.’

பிள்ளை இளைத்தது. டாக்டரம்மாவின் கோடு இறங்கியது. அம்மாதான் மாவைச் சரியாகக் கலக்கவில்லை என்று அங்கே சந்தேகப்பட்டார்கள். பாண்டிச்செல்வி அளவுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

‘எக்கா, ஷிப்ட் முடிஞ்சு வந்து கலக்கயில கண்ணு சொருகுது. நாந்தான் அளவ மாத்திப் போட்டுருதேனோ?’

‘இருக்கும்டி. பாத்துப் போடு’ என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. இருக்கும் என்றுதான் சொன்னேன்.

அடுத்த சம்பள நாள் வந்தது. பாண்டிச்செல்விக்கு ஓவர்டைம், புருஷன் மாரிசெல்வமும் கம்பெனியில். காலையில் சோற்றைக் குழைய வடித்து, டின் பாலை ஊற்றி, சர்க்கரை போட்டுக் கையால் பிசைந்தேன். கிண்ணத்தில் இல்லை, தட்டில். பிள்ளை வயிறு உப்பும்வரை சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டது. மத்தியானத்துக்குள் திறந்துவிட்ட குழாய் மாதிரி போக ஆரம்பித்தது. பிறகு அழுகை நின்றது. ‘தண்ணி’ என்றது. வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழக்கத்தின்மேல் பழி போட மாட்டேன், மேடம். உப்புத் தண்ணீர் பாட்டில் அலமாரியில் இருப்பது ஞாபகம் இருந்தது. பாண்டிச்செல்வி சொன்னதும் ஞாபகம் இருந்தது. போன் கடை இரண்டு வாசல் தள்ளித்தான். ஆனால் போன் போட்டால் அவள் லைனை விட்டு ஓடிவருவாள், தெரு கூடும், அன்றைக்குத் தராசு நடக்காது.

சாயங்காலம் முகம் கழுவி, பவுடர் போட்டு, கவுனுக்கு மேல் ஸ்வெட்டரும் மாட்டித் தூக்கிக்கொண்டு போனேன். சந்திரம்மாள் முன்னமே வந்து நின்றிருந்தாள். தட்டில் உட்காரவைத்து, விழாமல் பிடிப்பதுபோல ஒட்டி நின்று, என் கால் கட்டைவிரலைத் தட்டின் ஓரத்தில் ஊன்றினேன். முள் ஏறியது.

‘பார்ரா, ஞானம்மா கை கைதான்பா’ என்றார் சுப்பராயன்.

‘இன்னா ஞானம்மா, தலை சாயுது புள்ளைக்கு?’ என்று சந்திரம்மாள் கேட்டாள்.

‘வயிறு ரொம்பினா தூக்கம் வராதா? உன் வூட்டுப் புள்ளைங்களுக்கு அது எங்க தெரியப்போவுது.’

கடையே சிரித்தது. இந்தத் தடவை அவளைப் பார்த்து.

ஓவர்டைம் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய பாண்டிச்செல்வி பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். ஆட்டோ பிடித்தோம். நானும் ஏறினேன், தெருப் பெண்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் தோளைத் தொட்டுக் கேட்டாள்.

‘இன்னைக்கு வேற ஏதாவது குடுத்தீங்களாம்மா? திட்ட மாட்டேன். கிருமியா, சாப்பாடான்னு தெரிஞ்சாத்தான் என்ன ஏத்துறதுன்னு முடிவு பண்ண முடியும். நேரம் போகுது.’

நல்ல பெண். மரியாதையாகத்தான் கேட்டாள். என் பின்னால் அந்த இரண்டு பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

‘நீங்க சொல்லிக் குட்த்ததுதாம்மா’ என்றேன்.

அவள் மறுபடியும் கேட்டாள். நானும் மறுபடியும் அதையே சொன்னேன். அப்புறம் டாக்டரம்மா பாண்டிச்செல்வி பக்கம் திரும்பி, மாவு கலக்கியதில் ஏதாவது மாறிப்போயிற்றா என்று கேட்டாள். அந்தப் பெண் சுவரோடு சாய்ந்து, ‘மாறியிருக்கும் டாக்டர், நாந்தான் தூக்கத்துல மாத்தியிருப்பேன்’ என்றாள். விடியும்போது பிள்ளை போய்விட்டது.

இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளை ஒரே ஒரு நாள் வயிறார, சிரித்துக்கொண்டு சாப்பிட்டது. அதைப் பாண்டிச்செல்வி கொடுத்ததாக நீங்கள் எழுதப் போகிறீர்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. கொடுத்தது நான். போகிறது என்று தெரிந்தும் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தது நான். கேட்ட டாக்டரிடம் மறைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவளைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ‘எக்கா, பொன்னு மாதிரி பாத்துக்கிட்டீங்க. நாந்தான் கெடுத்துட்டேன். என்னய மன்னிச்சிருங்க’ என்றாள். எனக்கு மனசு தாங்கவில்லை. ‘வுடுடி, தெரியாமத்தான செஞ்சே’ என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். அவள்மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை, மேடம். அங்கேயே மன்னித்துவிட்டேன்.