ஊரு நல்லாயிடுச்சின்னா

சிறுசேரியில் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த காலம். கோவளத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் மாலை பஸ்ஸில், கடல் காற்றுக்குப் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் முன் சீட்டில், ஆபீஸ் பெருக்கும் வேலை முடித்த இரண்டு பெண்கள்.

“நேத்து கனவுல என் பழைய வூட்டுக்கே விருந்தாளியா போயிருந்தேங்கா,” என்றாள் இளையவள். “காபி குடுத்தாங்க. நல்லவங்கதான்.”

“நெம்மேலி வூடா? ஓனரு வித்துட்டாருன்னு காலி பண்ணியே, அதுவா?”

“ஆமாக்கா. கடலப் பாத்தா மாதிரி பெரிய கண்ணாடி ஜன்னல் வெச்சிக்கீறாங்க. பன்னெண்டு வருசம் இருந்தேன். அங்க ஜன்னல் வெக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல.”

“அதுக்கு ஒரு வார்த்தை கீதாம். ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொல்லிச்சு. ஜென்ட்ரிஃபிகேஷன்.”

“அப்டின்னா இன்னா?”

“ஊரு நல்லாயிடுமாம். முன்னாடியே இருந்தவங்களுக்கு அங்க வாடகை கட்டுப்படியாவாதாம்.”

இளையவள் அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பாதிதான் வந்தது.

“நெம்மேலி இறங்கு,” என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, படிவரை போய்விட்டாள்.

“இறங்கலியாம்மா?”

“இல்லண்ணா. நான் திருக்கழுக்குன்றம்.”

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பெரியவள் அவளுடைய பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.