பதினெட்டுப் பாகை

அம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. நான் பேஸ்மென்டில் யன்னலைச் சாத்தி, ஹீட்டரைத் திருகிவிட்டு, போர்வையை மச்சானுடைய கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். மின்சார ஹீட்டர் உடனே சூடாகாது, ஐயா. இந்த லாசால் ஊரில் பழைய வீடுகள் எல்லாம் இப்படித்தான்.

பியர் போடுவது லேசான வேலை. கஷ்டம் வெப்பநிலையில்தான் இருக்கிறது. பதினெட்டுப் பாகையில் நொதித்தால் நல்லது. இருபத்தைந்தைத் தாண்டினால் வாழைப்பழ மணம் வந்துவிடும். நொதிக்கும்போது பீப்பாய் தானாகவே சூடேறும்; ஆகவே அறை இன்னும் குளிராக இருக்க வேண்டும். தனி ஹீட்டர், சின்ன யன்னல், இறுக்கமான கதவு. என் பேஸ்மென்ட் அறை அதற்கென்றே கட்டியதுபோல இருந்தது.

பாரிசவாதத்தில் இடப்பக்கம் விழுந்த பிறகு, என் மனைவி யோசெப்பினின் தமையன் தேவதாசன் அந்த அறைக்கு வந்தார். வேறு அறை இல்லை. நான் மறுக்கவில்லை. பீப்பாயும் கட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவருக்கு எப்போதும் குளிர். ஹீட்டர் இருபத்தாறிலேயே நின்றது.

நத்தார்த் திருநாளுக்கு மாதாகோயில் ஆட்கள் வந்தார்கள். தேவதாசன் சக்கரநாற்காலியில் இருந்தபடி கிளாஸை மோந்து பார்த்தார்.

"என்ன மச்சான், இது பியரோ, கதலிப்பழம் கரைச்ச தண்ணியோ?"

"சின்னப்பிள்ளையளுக்கும் குடுக்கலாம் போல," என்றான் அவர்களோடு வந்த பேனாட்.

எல்லோரும் சிரித்தார்கள். யோசெப்பினும் சிரித்தாள். நானும் சிரித்தேன். கெடுத்தது யாருடைய ஹீட்டர் என்று நான் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்?

அவர் கெட்டவர் அல்ல. நானும் கோபக்காரன் அல்ல.

2008 பெப்ரவரியில் யோசெப்பின் கோயில் ஆட்களோடு வெளியூர்த் தியானத்துக்குப் போனாள். "அண்ணையைக் குளிர விட்டிடாதேங்கோ," என்றாள். ஓம் என்றேன். அன்று மத்தியானம் ஹீட்டரை நிறுத்தி யன்னலைத் திறந்தேன். வெளியே மைனஸ் இருபது. அவருடைய போர்வையை எடுத்து, ஒழுங்காக மடித்து, கைக்கு எட்டாத கதிரையில் வைத்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு மேலே போய்க் கஞ்சி காய்ச்சினேன். அவருக்கும் சேர்த்துத்தான் காய்ச்சினேன்.

முதலில் வந்த உங்கள் பொலிஸ் அதிகாரி நல்ல மனிதர். அவரும் வீட்டில் பியர் போடுகிறவராம். பியரை ஆற வைக்க யன்னலைத் திறந்துவிட்டு மேலே கண்ணயர்ந்துவிட்டேன் என்றேன். நொதித்துப் பொங்குகிற முதல் நாட்களில் அப்படித்தான் சூடேறும் என்று அவரே எனக்கு விளக்கினார். பீப்பாயின் மூடியை அவர் தொடவில்லை. பியர் போடுகிற எவனும் இடையில் திறக்க மாட்டான். காற்றுப் பட்டால் கெட்டுவிடும். குளிரில் நேர்ந்த விபத்துச் சாவு என்று எழுதிக்கொண்டு, என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நீங்கள் மறுபடி கேட்பதால் சொல்கிறேன். அந்த அதிகாரிக்கு எங்கள் கோயில் ஆட்களின் வழக்கம் தெரியாது. தேவதாசனுக்குத் தெரியும். நான் யன்னலைத் திறந்தபோது, "பியர் சூடேறுது மச்சான், கொஞ்சம் ஆறட்டும்," என்றேன். அவர் சிரித்தார்.

"எட விசரா, விபூதிப் புதன் முடிஞ்சுது. தவக்காலத்தில ஒருத்தரும் குடிக்காத உன்ர வீட்டில ஆர் பியர் போடுறது?"

உண்மைதான். பீப்பாயில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.