ஆர்விட்டின் கடைசிப் பெட்டி

— "கூஸ் க்ரீக் வட்டார ஈயம் வார்ப்போர் மற்றும் தோட்டா அடைப்போர் சங்கத்தின் முப்பத்தோராண்டு வரலாற்றில் இதுவரை நிகழ்ந்திராததும், இனி நிகழ்வதற்கு அரியதுமான மாபெரும் நிகழ்ச்சி. அண்மையில் மறைந்த நம் மூத்த உறுப்பினர் ஆர்விட் டோர்வால் அவர்கள் தம் பொற்கரங்களால் அடைத்த கடைசிப் பெட்டியின் இருபது தோட்டாக்களும், இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, சங்கத்தின் சுடுதிடலில், அன்னாரின் சொந்தத் துப்பாக்கியாலேயே சுடப்படும். முதல் குண்டு: திரு. மில்ட் ஹௌகன்." போதுமா மில்ட்? இல்ல, ராகம் போட்டுப் பாடணுமா?

— கடைசி வரியைப் படி, ஒர்லின்.

— "நிறைவுக் குண்டு: சங்கத் தலைவர் திரு. ஸ்டெர்லிங் குவாம்." அதுக்குக் கீழ, காபியும் எலுமிச்சை பார் இனிப்பும் உண்டுன்னு போட்டிருக்கு. எனக்கு அந்த வரிதான் பிடிச்சிருக்கு.

— போன வாரம் ஒட்டின நோட்டீஸ்ல முதல் குண்டு தலைவர்னு இருந்துச்சு.

— தோள்பட்டை வலியாம்.

— முதல் குண்டுக்கு வலிக்கிற தோளு இருபதாவது குண்டுக்கு வலிக்காதா?

— அது தலைவர் தோளு மில்ட், உன் தோளு என் தோளு மாதிரியா? நேரம் பார்த்து வலிக்கும். சரி, இறங்கு. இருபது நிமிஷமா பிக்கப்புக்குள்ள உக்காந்து கண்ணாடியில ஆவி விட்டுக்கிட்டிருக்கோம். எல்லாரும் கொடிக்கம்பத்துக்கிட்ட காத்துல விறைச்சு நிக்கிறாங்க. பாஸ்டர்கூட வந்தாச்சு.

— இறங்க மாட்டேன்.

— குளிருதா?

— கேளு. நம்ம உறுப்பினர் அட்டைக்குப் பின்னால முதல் விதி என்ன?

— அடேங்கப்பா, பரீட்சையா? அடுத்தவன் அடைச்ச தோட்டாவை நீ சுடாதே, நீ அடைச்சதை அடுத்தவனுக்குக் குடுக்காதே. தலைவரே கைப்பட எழுதினது. அதுக்குத்தான் காலையில வழக்கறிஞர் மாதிரி விளக்கம் குடுத்தாரே, இது சுடுறது இல்லையாம், அஞ்சலியாம். அஞ்சலிக்கு விதி கிடையாதாம். சொல்லிட்டு அந்தத் தோட்டாவை வெல்வெட் துணியில வெச்சு உன்கிட்ட நீட்டினாரே, மோதிரம் மாத்துற கல்யாணத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு.

— இந்தா பாரு. அந்தத் தோட்டா இன்னும் என் உள்ளங்கையிலதான் இருக்கு.

— யோவ், அதை வெச்சு உருட்டாத. தடியா இருக்கு, கட்டைவிரல் மாதிரி. எனக்கு எப்பவுமே இந்த நாப்பத்தஞ்சு-எழுபது ரகத் தோட்டா பிடிக்காது. பிடிச்ச தோட்டா எதுன்னு நாம வருஷா வருஷம் எடுக்கிற ஓட்டெடுப்புல, பதினோரு வருஷமா முப்பத்தெட்டு ரகம்தான் ஜெயிச்சுக்கிட்டிருந்துச்சு. எளிசா அடைக்கலாம், ஈயம் கம்மி, தோளும் பிழைக்கும். இந்த வருஷம் ஆர்விட் ஆஸ்பத்திரியில படுத்ததும் ஊருக்கே இது மேல திடீர்க் காதல். இருபத்திரண்டுல பத்தொன்பது ஓட்டு. இதை அடைக்கிறவன் சங்கத்திலேயே ரெண்டே பேர், ஆர்விட்டும் தலைவரும். மத்த பதினேழு பேரும் இரக்கப்பட்டுப் போட்டோம். தலைவர் அதை வெச்சு, "நம் மக்களின் மனங்கவர்ந்த தோட்டா"ன்னு அரைமணி நேரம் பேசினார்.

— ஒர்லின்.

— என்ன?

— இந்தப் பெட்டியில ஒண்ணு தப்பு.

— தப்புன்னா?

— ஒரு தோட்டாவுல வெடிமருந்து ரெண்டு மடங்கு இருக்கு.

— விளையாடாத மில்ட்.

— ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. பெட்டி மேல ஆர்விட் கையெழுத்துல அந்தத் தேதிதான் இருக்கு, மேஜையில பார்த்தேன். அன்னைக்கு அவர் கராஜுல நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

— சரி, உக்காந்திருந்த. அதுக்கு?

— காலித் தோட்டாக் கூட்டை வரிசையா நிறுத்தி வெச்சு ஒவ்வொண்ணா மருந்து இறக்கிக்கிட்டிருந்தார். மருந்து அளக்கிற கருவிக்குக் கீழ கூட்டை வெப்பார், கைப்பிடியை இழுப்பார், ஒரு அளவு விழும், எடுப்பார். நான் பேசாம இருந்திருக்கணும். சர்ச்சுல புது அடுப்பு போட எவ்வளவு ஆகும்னு கேட்டுத் தொலைச்சேன்.

— மருந்து இறக்குறவன்கிட்டயா பேச்சுக் குடுத்த?

— குடுத்தேன். அவருக்கு அந்த அடுப்புன்னா எரிச்சல்னு உனக்குத் தெரியும். என் பக்கம் திரும்பி ரெண்டு நிமிஷம் திட்டினார். ஏற்கெனவே மருந்து விழுந்த கூடு கருவிக்குக் கீழயே இருந்துச்சு. திரும்பி, மறுபடி கைப்பிடியை இழுத்தார். இழுக்கிற சத்தத்தைக் காதால கேட்டேன், கண்ணாலயும் பார்த்தேன்.

— பார்த்துட்டு?

— சும்மா இருந்தேன்.

— ஏன்யா?

— ஆர்விட்டைத் திருத்தின ஆளு யாராவது உயிரோட இருக்கானா? அம்பது வருஷமா அடைக்கிறவர். ஒருவேளை முதல் தடவை அவர் இழுக்கலையோ, நான்தான் தப்பா பார்த்தேனோன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சரி, அவரே கவனிச்சிருப்பார்னும் சொல்லிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தா அந்தச் சத்தம்தான் கேக்குது. அடுத்த வாரம் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த வாரம் அவரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. மூக்குல குழாயோட கிடக்கிற மனுஷன்கிட்ட, நீ தப்பு பண்ணினேன்னு எப்படிச் சொல்றது?

— ரெண்டு தடவை ஊத்தினா வழிஞ்சிருக்குமே, மில்ட். கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமே.

— இதுல வழியாது. அதான் இந்தத் தோட்டாவோட சனியன். கூடு பழைய காலத்துக் கரிமருந்துக்குச் செஞ்சது, கிணறு மாதிரி இருக்கும். இப்ப போடுற மருந்து அதுல அடியில ஒரு சிட்டிகை. ரெண்டு தடவை போட்டாலும் வழியாது, மூணு தடவை போட்டாலும் இன்னும் கொண்டான்னு கேக்கும்.

— காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாரு.

— ஆட்டினேன்.

— என்ன கேட்டுச்சு?

— சலசலன்னுச்சு. ஒரு மடங்கும் சலசலங்கும், ரெண்டு மடங்கும் சலசலங்கும்.

— எடை போட்டா? என் வண்டியிலயே தராசு இருக்கு.

— உன் தராசை உடைப்புல போடு. ஆர்விட் அஞ்சாறு கம்பெனிக் கூட்டைக் கலந்து அடைப்பார். கூடு ஒண்ணொண்ணும் ஒரு எடை. கையால வார்த்த குண்டு, அது ஒண்ணொண்ணும் ஒரு எடை. இதுக்கு நடுவுல ஒரு சிட்டிகை மருந்தை எங்கேன்னு தேடுவ?

— அப்ப... இருபதுல ஒண்ணு.

— இருபதுல ஒண்ணு.

— அது உன் கையில இருக்கிறதாவும் இருக்கலாம்.

— இருக்கலாம்.

— எனக்கு மூணாவது குண்டு, மில்ட்.

— தெரியும்.

— தெரிஞ்சுமா என்னை நோட்டீஸ் படிக்கவிட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்த? எனக்குக் குடுத்த தோட்டா என் சட்டைப் பையில இருக்குய்யா. நெஞ்சுக்கு நேரா. எடு, எடு, கீழ வை. இல்ல, வைக்காத, அந்த ஹீட்டர் பக்கம் வைக்காத.

— சும்மா இருக்கிறப்ப அது ஒண்ணும் பண்ணாது.

— துப்பாக்கி கையிலயே வெடிச்ச நம்ம க்லென் கதையும் அப்படித்தான ஆரம்பிச்சது. க்லென் எனக்கு நாலடி தள்ளி நின்னான். சத்தம் வேற மாதிரி இருந்துச்சு, படார்னு இல்லாம, கதவை ஓங்கி அறைஞ்ச மாதிரி. கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சது. கட்டைவிரலை நாங்க ஆறு பேரு புல்லுக்குள்ள தேடினோம். அது புதுத் துப்பாக்கி மில்ட், கெட்டி இரும்பு.

— இது நூத்தி நாப்பது வருஷத்துத் துப்பாக்கி. குதிரைப்படைக்காரன் தோள்ல கிடந்தது. மேல ஒரு கதவு இருக்கே, அதைத் தொறந்துதான் தோட்டாவை வைக்கணும். குறி பார்க்கிறப்ப அந்தக் கதவு என் கண்ணுக்கு முன்னால ரெண்டு விரக்கடை. மருந்து ஜாஸ்தின்னா குண்டு முன்னால போறதுக்குள்ள அந்தக் கதவு பின்னால வரும்.

— வயித்து வலின்னு சொல்லிடு. மதியம் தின்ன ஹாட்டிஷ் ஒத்துக்கலைன்னு சொல்லு, எல்லாரும் நம்புவாங்க. டூனா மீன் போட்டு வேகவெச்சது.

— சொன்னா? நான் விலகினா இதை இன்னொருத்தன் வாங்கிச் சுடுவான். நம்ம சங்கத்து டென்வரோட மகன் நிக்கிறான் பாரு, பொண்டாட்டிக்கு ஆறாம் மாசம். அவனுக்கு அஞ்சாவது குண்டு. எவன் மூஞ்சியாவது போகும், அதுக்கப்புறம் நான் எப்படிக் கண்ணாடி பார்த்துச் சவரம் பண்ணுவேன்?

— அப்ப தலைவர்கிட்டச் சொல்லு.

— சொன்னேன். காலையில.

— சொன்னியா? என்ன சொன்னார்?

— முழுசாச் சொல்லவிடலை. பெட்டியை உடைச்சுப் பார்த்துடலாமேன்னு ஆரம்பிச்சேன். என் தோள்ல கை வெச்சு, "மில்ட், ஆர்விட்டின் கைவண்ணத்தைச் சந்தேகிப்பது இச்சங்கத்தையே சந்தேகிப்பது"ன்னார். ஆர்விட் சம்சாரம் மர்னா முன்னால இந்தப் பேச்சை எடுத்தா அந்தம்மா மனசு உடைஞ்சுடும்னு வேற சொன்னார். அப்புறம் மைக் சோதனைக்குப் போயிட்டார்.

— அதுவும் நியாயம்தான். நாப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினவ. ஊரையே கூட்டி வெச்சு, உன் புருஷன் கடைசியா தொட்டது ஒரு வெடிகுண்டுன்னு சொல்ல முடியுமா?

— சொல்லித்தான் ஆகணும்.

— யார் சொல்றது?

— அதான் இருபது நிமிஷமா யோசிக்கிறேன்.

— யோசிச்சது போதும். கண்ணாடியைத் துடைச்சுப் பாரு. மர்னா இங்கதான் வர்றா, கையில ஏதோ தட்டோட. மில்ட், எனக்கு அழுவுறவங்களைப் பார்த்தா ஆகாது. நான் இந்தப் பக்கமா இறங்கிடவா?

— உக்காரு. நீ இறங்கினா நானும் ஓடிடுவேன்.

— ரெண்டு பேரும் வண்டிக்குள்ள என்ன பண்றீங்க? ஸ்டெர்லிங் தேடிக்கிட்டிருக்கார். இந்தாங்க, ஆளுக்கு ஒரு பார் எடுத்துக்கங்க. பூராவும் பாஸ்டரே தின்னுடுவார் போலிருக்கு.

— மர்னா, கொஞ்சம் உள்ள உக்காருங்க. காத்து அடிக்குது.

— உக்காந்தா எழுந்திருக்க முட்டி விடாது. சொல்லுங்க மில்ட். ஏன் முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?

— நான் ஒண்ணு சொல்லணும். ஆர்விட்டைப் பத்தி. நீங்க வருத்தப்படுவீங்க. ஆனா சொல்லாம அந்த மேடைக்கு நான் போகமுடியாது.

— சொல்லுங்க.

— அன்னைக்கு, ஆகஸ்ட்டுல, நான் உங்க கராஜுல இருந்தேன். அவர் மருந்து இறக்குறப்ப நான் பேச்சுக் குடுத்தேன். தப்பு என் மேலதான், அவர் மேல இல்ல. ஒரு கூட்டுல அவர் ரெண்டு தடவை இறக்கினதை நான் பார்த்தேன். பார்த்துட்டுச் சும்மா இருந்துட்டேன். அந்தத் தோட்டா இந்தப் பெட்டியிலதான் இருக்கு. யாரும் இதைச் சுடக்கூடாது, மர்னா.

— அடுப்புப் பேச்சு எடுத்தீங்களே, அன்னைக்கா?

— ஆமா.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— நீங்க வண்டியை எடுத்துக்கிட்டுப் போனதுமே அவர் சமையல்கட்டுக்கு வந்துட்டார். "மில்ட் வாயால கணக்கு விட்டுப்போச்சு, எதோ ஒண்ணுல ரெண்டு தடவை போட்டுட்டேன்"னார். சாப்பிடக்கூட இல்லை. குண்டு பிடுங்குற சுத்தியலை எடுத்துக்கிட்டு உக்காந்தோம். அவருக்குக் கை ஓயும்போது நான் தட்டினேன். பதினாலாவதுல இருந்துச்சு, ரெண்டு மடங்கு. இருந்தாலும் இருபதையும் உடைச்சுத்தான் எழுந்திருச்சார்.

— இருபதையுமா?

— இருபதையும். ஈயத்தைச் சட்டியில போட்டோம். மருந்தை ரோஜாச்செடிக்குக் கொட்டினேன். இந்த வருஷம் நல்லாப் பூத்துச்சு.

— கேட்டியா மில்ட்? கேட்டியாய்யா? என் உசிரை வாங்கிட்டியே. மர்னா, இந்த மனுஷன் என்னை எழுபத்தோரு வயசுல கர்த்தரைக் கூப்பிட வெச்சுட்டான். பாரைக் குடுங்க. ரெண்டாக் குடுங்க.

— நாலு மாசமா நான் ஒழுங்காத் தூங்கலை, மர்னா.

— அன்னைக்கே ஒரு போன் போட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். ஆர்விட்டுக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்லை. அதுக்கப்புறம் அவர் அடைக்கவே இல்லை, அவ்வளவுதான். தன் கையை நம்பலைன்னார்.

— அப்ப, அடைக்கவே இல்லையா?

— ஒண்ணுகூட இல்லை.

— மர்னா, அப்ப என் கையில இருக்கிற இந்தத் தோட்டா?

— அதைக் கேக்குறீங்களா. போன வாரம் ஸ்டெர்லிங் வந்து, கடைசிப் பெட்டி எங்கேன்னார். அப்படி ஒண்ணு இல்லைன்னேன். ஆடிப்போயிட்டார், நோட்டீஸ் அச்சடிச்சாச்சாம். காலிப் பெட்டியாவது குடுங்கன்னு வாங்கிட்டுப் போனார். நேத்து இருபதையும் அடைச்சுக் கொண்டாந்து, நல்லா வந்திருக்கான்னு என்கிட்டக் காட்டினார்.

— தலைவர் அடைச்சதா? அப்ப சரி, அவரும் நாப்பத்தஞ்சு-எழுபது ஆளுதான. மில்ட், கூப்பிடுறார் பாரு, மைக்கில உன் பேரு ஊரெல்லாம் கேக்குது. எழுந்திரு, போ.

— பாவம், பதினெட்டு வருஷமா ஆர்விட்தான் அவருக்கு ரகசியமா அடைச்சுக் குடுத்துக்கிட்டிருந்தார். சொந்தக் கையால அடைக்கிறது இதுதான் முதல் தடவையாம்.