ஒரே அழுத்தில் நான் கெடுத்த கதை

தலைமை தாங்கித் தமிழுக்குத் தலைநிமிர்வு தரும் பெரியவர் ஸ்ரீகண்டன் ஐயா அவர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலையும் தள்ளிவைத்துவிட்டு விவேக் நகரிலிருந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! பெங்களூர் எல்லையில் அத்திபெலே நெரிசலில் இரண்டு மணிநேரம் தவம் கிடந்து வந்த தோழர்களே! ‘நாளைமறுநாள்’ இணைய இதழின் ஆசிரியன் சுந்தரேசன், கரம் கூப்பி வணங்குகிறேன்.

புதிய இதழ் இன்று மலர்கிறது. வரப்போகும் உலகைக் கற்பனை செய்யும் ஒன்பது கதைகள், ஏழு கவிதைகள்! செவ்வாய்க் கிரகத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் பாடியிருக்கிறார் நிருபமா. அங்கேயும் பஸ் வரவில்லை! சிரிக்கிறீர்களே, நம்ம ஊர்க்காரர் பாடினால் வேறெப்படி இருக்கும்? நாளையைப் பாடத் தமிழுக்கு நாவில்லையா? விண்ணை அளக்கத் தமிழுக்கு விரலில்லையா? உண்டு! உண்டு! ஆனால் ஒன்பதாவது கதையை, எழுதியவரே திரும்பக் கேட்டுவிட்டார். காரணம் நான்தான்.

ரிச்சர்ட்ஸ் டவுன் கேரல் எழுதிய கதை அது. ஏரியெல்லாம் வற்றிய காலம். வீடு வீடாகத் தண்ணீர் ஊற்ற வேற்றுக்கிரகத்து இயந்திரம் வருகிறது. அகராதியை மனப்பாடம் செய்து தமிழ் கற்ற இயந்திரம். தொட்டி நிரம்பியதும் வீட்டுக்காரி, “சாக்கு, சாக்கு!” என்கிறாள். நம்ம பெங்களூர் வீடுகளில் அதற்கு என்ன பொருள்? ஆகா, ‘போதும்’ என்று கூரை அதிரச் சொல்கிறீர்கள்! கன்னடத்திலிருந்து வந்து நம் சோற்றுத்தட்டருகே உட்கார்ந்துவிட்ட சொல். இயந்திரமோ ஓடிப்போய்க் கோணிச்சாக்கு கொண்டுவருகிறது! அவள் கத்தக் கத்த, அது அடுக்க அடுக்க, வீடே மிதக்கிறது. கடைசியில்தான் அது அவள் முகத்தைப் பார்த்துத் தண்ணீரை நிறுத்துகிறது.

இந்தக் கும்பகோணத்துக்காரன் என்ன செய்தேன் தெரியுமா? முதல் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கண்டதுமே, ‘அடடா, கன்னடம் கலந்துவிட்டதே!’ என்று பதறி, ‘சாக்கு’ வரும் இடமெல்லாம் ‘போதும்’ என்று கணினியில் ஒரே அழுத்தாக மாற்றிவிட்டேன். முழுதாகப் படித்தேனா? இல்லை! வெளியிடும் முன் சரிபார்க்க மெய்ப்புப் படி கேரலுக்குப் போனது. அதில் இயந்திரம் மூன்று ‘கோணிச்போதும்’ சுமந்து வந்ததாம்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். கேரல் சிரிக்கவில்லை. போனில் சொன்னார்: “சார், எங்க வீட்ல நாலு தலைமுறையா இதான் தமிழ். நான் பேசுறதே தப்புன்னா என் கதையும் தப்புதானே? வேணாம், குடுத்துடுங்க.” எனக்குச் சுருக்கென்றது.

பின்னால் யாரது, அடிக்குறிப்பு போடச் சொல்வது? மாட்டேன் ஐயா! பேசுகிற வாய்க்கு யாராவது அடிக்குறிப்பு போடுவார்களா? தஞ்சையில் பேசினால் தமிழ், நெல்லையில் பேசினால் தமிழ், பெங்களூரில் பேசினால் மட்டும் பிழையா? வேற்றுக்கிரகத்துக்கெல்லாம் காது கொடுத்த எனக்குப் பக்கத்துத் தெரு கேட்கவில்லையே! வெட்கப்படுகிறேன்.

அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். கேரல் அவர்களே! நீங்கள் எழுதியதை எழுத்து மாறாமல் இந்தக் கணினியில் ஏற்றியிருக்கிறேன். வெளியிடும் பொத்தானை நான் தொடமாட்டேன். வந்து பாருங்கள். மனம் வந்தால் நீங்களே அழுத்துங்கள். இல்லையென்றால் எட்டுக் கதைகளோடு இதழ் வரும், பழி என்னுடையது.

வருகிறார்! வழி விடுங்கள்! என்னம்மா கேட்கிறீர்கள்? “இந்தவாட்டி முழுசா படிச்சீங்களா சார்? கடைசி வரி என்னன்னு சொல்லுங்க, பாப்போம்.”

சொல்கிறேன். ‘இயந்திரம் தன் அகராதியில் புதுப் பக்கம் திறந்து, மேலே அவள் பெயரை எழுதியது.’

அழுத்திவிட்டார்! ஒன்பதும் வந்துவிட்டன!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பெரிய மனதோடு மேடையேறிய கேரலுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.