ஊன்றின கால்

— இன்னொரு தடவை சொல்லுடி. என் முட்டிக்குள்ள என்னதான் பண்ணியிருக்காங்க?

— எத்தனை தடவைங்க! எலும்பு நுனியில வழவழன்னு குருத்தெலும்பு இருக்கும். அதுல ரத்தம் ஓடாது, அதனால பிஞ்சா தானா ஆறாது. முதல் ஆபரேஷன்ல அதுலேர்ந்து துளி கிள்ளி எடுத்தாங்க. லேப்ல வச்சு வளர்த்தாங்க. முந்தாநாள் அதைப் பிஞ்ச இடத்துப் பள்ளத்துல வச்சு ஒட்டிட்டாங்க.

— என் கால்லயே எடுத்து என் கால்லயே நட்டுட்டாங்க. நாத்து மாதிரி!

— நாத்தேதான். இப்பதான் வேர் பிடிக்குது. அதை மிதிச்சா?

— பிடுங்கிக்கும். தெரியுது, பிசியோ அம்மா. பெரிய டாக்டர் என்னமோ முட்டிக்குள்ள சும்மா தண்ணி விட்டுக் கழுவி விடறேன், ரெண்டு நாள்ல நடக்கலாம்னாரு. நீதான் அடம்பிடிச்சே.

— கழுவினா வலி கொஞ்சநாள் அடங்கும். பள்ளம் அப்படியேதான் கிடக்கும். நீங்க மறுபடி பந்து ஆடணுமா, வேண்டாமா?

— ஆடணும். நான் இல்லாம டீமே இல்ல... வெளியில என்னடி சத்தம்?

— நம்ம பாப்பாவோட சைக்கிளை வேன்ல ஏத்தறாங்க.

— எந்த வேன்?

— ஏங்க, முட்டி எப்படிப் போச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்க?

— ஆடும்போதுன்னு. உன்னையும் கேட்டாரா?

— கேட்டாரு. நானும் அதையேதான் சொன்னேன். ஆனா பாருங்க, அன்னிக்கு பாத்ரூம் கதவை நீங்க உதைச்சது வலது கால்ல. போனது இடது முட்டி. உதைக்கிற காலுக்கு ஒண்ணும் ஆகாது. ஈரத்தரையில ஊன்றின கால்தான் திருகிக்கும். உள்ள பாப்பாவும் நானும் கதவுக்கு முதுகு கொடுத்து நின்னோம். படக்னு கேட்டுச்சு. தாழ்ப்பாள்தான் போச்சுன்னு நினைச்சேன்.

— பழசைக் கிளறாதே. அந்த ஊன்றுகோலை எடு.

— அது கதவோரமா இருக்கு. சாயங்காலம் உங்க அக்கா வந்து எடுத்துத் தருவாங்க. தண்ணி, மாத்திரை, போன் எல்லாம் கைக்கெட்டற தூரத்துல வச்சிருக்கேன்.

— ஏய்! எங்கடி கிளம்பறே? எழுந்து வந்தேன்னு வை...

— வாங்க. வேன் இன்னும் கிளம்பல, நாலு எட்டு வச்சா பிடிச்சிடலாம். முதல் எட்டுலயே நாத்து போயிடும். அப்புறம் இந்த ஜென்மத்துல பந்தை டிவியிலதான் பார்க்கணும்.

— பாவி! ஒன்றரை மாசம் காலை ஊன்றக்கூடாதுன்னு படுக்க வச்சிட்டுப் போறியே. கழுவி விட்டிருந்தா இந்நேரம் நடந்திருப்பேனேடி!

— அதனாலதாங்க வேண்டாம்னேன்.